தடுப்புக்கு அந்தப் பக்கம்

சாலையோரத் தடுப்பு எவ்வளவு உயரம் இருக்க வேண்டும் என்று யாராவது கேட்டால், நான் வண்டியைப் பற்றி முதலில் பேசமாட்டேன். தடுப்புக்கு அந்தப் பக்கம் யார் இருக்கிறார்கள் என்று கேட்பேன். நெடுஞ்சாலை வேலையிலேயே தலை நரைத்து, சாலை ஆய்வாளராக ஓய்வு பெற்று, இப்போது சாயல்குடியில் பேரப்பிள்ளைகளோடு இருக்கிறேன். தார், ஜல்லி, மட்டப்பலகை என்று போன வாழ்க்கையிலிருந்து வீட்டுக்கும் எடுத்துவந்த பாடம் இதுதான். இளையவர்களிடம் இதைச் சொல்லிவிட வேண்டும்.

எங்கள் பக்கத்து நிலம் பலருக்கும் தெரிந்திருக்கும். ராமநாதபுரத்திலிருந்து தூத்துக்குடி போகிற கிழக்குக் கடற்கரைச் சாலை கீழக்கரை, ஏர்வாடி, சாயல்குடி, நரிப்பையூர், வேம்பார் என்று நீளும். மலை கிடையாது, கொண்டை ஊசி வளைவு கிடையாது. பனையும் சீமைக்கருவேலமும் நிற்கிற சமதரை. அதனால் இங்கே தடுப்பு எதற்கு, அதெல்லாம் கொல்லிமலைக்கும் ஊட்டிக்கும்தானே என்று படித்தவர்களே கேட்டிருக்கிறார்கள். ஆனால் இது கண்மாய் பூமி. சாலை பல இடங்களில் கரைமேல் ஏறிப் போகும், ஓடைப் பாலம் தாண்டிப் போகும். ஓர் ஆள் உயரம் கீழே வயல் இருக்கும், வீடு இருக்கும். பருவத்தில் பனங்காட்டுக்குள் விடிலி போட்டுப் பதநீர் காய்ச்சுகிற குடும்பம் இருக்கும். அங்கே அடுப்பு எரிந்துகொண்டிருக்கும், பக்கத்தில் குழந்தைகள் உட்கார்ந்திருப்பார்கள்.

அந்த அடுப்பை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். சமையல் எரிவாயு காற்றைவிடக் கனமானது. தொட்டி உடைந்து கசிந்தால் மேலே போகாது, தரையோடு தவழ்ந்து பள்ளத்தைத் தேடிப் போகும். கண்மாய்க் கரைமேல் ஒரு டேங்கர் கவிழ்ந்தால் வாயு விடிலியின் பக்கம்தான் இறங்கும்.

டேங்கர் லாரியை மற்ற லாரிகளோடு சேர்த்து எண்ணக்கூடாது. சாயல்குடி முக்கில் டீ குடிக்க நிறுத்திய கொங்குப் பக்கத்து ஓட்டுநர் ஒருவரிடம், எந்த லோடு ஓட்டக் கஷ்டம் என்று கேட்டேன். "முழு லோடுன்னா பயமில்லீங்க அய்யா. பாதி இறக்கிட்டு மீதியோட போறப்பத்தான் வண்டி நம்ம சொல்லு கேக்காதுங்க" என்றார். பிரேக் போட்டால் உள்ளே இருப்பது முன்னால் பாய்ந்து இன்னொரு முறை தள்ளும். வளைவில் திருப்பினால் முழுவதும் ஒரு பக்கம் ஏறிக்கொள்ளும். எங்கள் ஊர்ப் பெண்கள் குறைகுடத்தைத் தலையில் வைக்கும்போது தண்ணீர் அலம்பாமல் இருக்க மேலே ஓர் ஓலைத் துண்டையோ வேப்பங்கொத்தையோ மிதக்கவிடுவார்கள். டேங்கருக்குள் குறுக்கே வைக்கிற தடுப்புத் தகடுகள் செய்வதும் அந்த வேலைதான். ஆனால் தகடுகள் முன்பின் அலைச்சலைத்தான் அடக்கும். பக்கவாட்டில் ஏறுகிற அலைக்கு அவற்றால் பெரிதாக ஒன்றும் செய்ய முடியாது. எரிவாயுத் தொட்டியிலோ வெயிலில் விரிவதற்கு இடம் விட்டே ஆக வேண்டும், அதை விளிம்புவரை நிரப்பவே கூடாது. ஆக, அலை எப்போதும் உள்ளே இருக்கிறது.

இந்த அலையின் பலத்தை உலகம் உணர்ந்த நாள் 1976 மே 11. அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரில் அம்மோனியா ஏற்றிய டேங்கர் ஒன்று, இரண்டு பெருஞ்சாலைகளை இணைக்கும் உயரமான வளைவுச் சாலையில் வேகமாக வந்தது. பக்கவாட்டுத் தடுப்பை உடைத்துக்கொண்டு கீழே ஓடும் சாலையில் விழுந்தது. தொட்டி வெடித்து அம்மோனியா வெண்புகையாகப் பரவியதில் சிலர் இறந்தார்கள், நூற்றுக்கும் மேற்பட்டோர் பாதிக்கப்பட்டார்கள். அந்த நாட்டின் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் விசாரித்து, அளவுக்கு மீறிய வேகமும் தொட்டிக்குள் திரவம் பக்கவாட்டில் பாய்ந்ததும் சேர்ந்து வண்டியைக் கவிழ்த்தன என்றது. இறந்தவர்களில் பெரும்பாலோர் அந்த வண்டியோடு எந்தச் சம்பந்தமும் இல்லாதவர்கள். அவரவர் வேலையாகக் கீழ்ச் சாலையில் போய்க்கொண்டிருந்தவர்கள்.

அதற்குப் பிறகுதான் டேங்கரையே தாங்குகிற தடுப்பு எப்படி இருக்க வேண்டும் என்று பொறியாளர்கள் தனியாக யோசிக்க ஆரம்பித்தார்கள். கணக்கு எளிது. ஒன்றரை டன் கார் மணிக்கு 110 கிலோமீட்டர் வேகத்தில் 20 டிகிரி சாய்வாக வந்து மோதுவதாக வைத்துக்கொள்வோம். அடுத்து, 36 டன் டேங்கர் 80 கிலோமீட்டர் வேகத்தில் 15 டிகிரி சாய்வாக மோதட்டும். டேங்கர் மெதுவாகத்தான் வருகிறது, குறைந்த சாய்வில்தான் மோதுகிறது. அப்படியும் தடுப்பின் மீது குறுக்காக விழும் ஆற்றல் ஏழு மடங்குக்கும் மேல். சுவரைத் தடிமனாக்கி, கம்பியைக் கூட்டினால் பலம் வந்துவிடும். உயரம்தான் பொறியாளர்களை உண்மையில் திணறடித்தது.

பெட்டி லாரிக்கு அடியில் தட்டையான தளம் உண்டு. இடுப்பளவு சுவரில் அது மோதிச் சாயும்போது தளத்தின் விளிம்பு சுவரின் தலையில் உட்கார்ந்து உரசிக்கொண்டே போகும், அதற்குமேல் சாயாது. உருளைத் தொட்டிக்கு அப்படி ஒரு விளிம்பு இல்லை. சக்கரத்தைச் சுவர் பிடித்து நிறுத்திவிடும். பாரத்தின் மையமோ தரையிலிருந்து இரண்டு மீட்டர் அளவு உயரத்தில் இருக்கிறது, அது நிற்காமல் போய்க்கொண்டே இருக்கும். கால் தட்டிய மனிதன் குப்புற விழுவதைப்போல முழுத்தொட்டியும் சுவருக்கு மேலே உருண்டு அந்தப் பக்கம் போய்விடும். குட்டையான தடுப்பு டேங்கரை நிறுத்தாது, தடுக்கிவிடும்.

1980-களில் டெக்சாஸ் ஆய்வாளர்கள் 90 அங்குல உயரத் தடுப்பை வடிவமைத்து, தண்ணீர் நிரப்பிய டேங்கரை மோதவிட்டுப் பார்த்தார்கள். வண்டி உள்ளேயே நின்றது. ஆனால் ஏழரை அடிச் சுவரைச் சாலை நெடுக யார் கட்டுவார்கள்? செலவு ஒருபுறம், பாலம் தாங்க வேண்டிய எடை இன்னொருபுறம், ஓட்டுநரின் பார்வை மறைவது வேறு. அந்தத் தடுப்பு அபூர்வமாகவே எழும்பியது. ஏறக்குறைய நாற்பது ஆண்டுகள் கழித்து, 2021 டிசம்பரில், நெப்ராஸ்கா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 62 அங்குலக் கான்கிரீட் தடுப்பில் அதே சோதனையைச் செய்தார்கள். 36 டன், மணிக்கு 80 கிலோமீட்டர், 15 டிகிரி. டேங்கர் சுவரைத் தாண்டவில்லை. 62 அங்குலம் என்றால் ஐந்தடி இரண்டு அங்குலம், எங்கள் வீட்டம்மாவின் உயரம். இரண்டடி நாலு அங்குலத்தைக் குறைக்க இவ்வளவு காலமும் இவ்வளவு பொறுமையும் தேவைப்பட்டிருக்கிறது. அந்த ஆய்வாளர்களை நான் மனதாரக் கும்பிடுகிறேன். கட்ட முடியாத பாதுகாப்பைக் கட்ட முடிந்த அளவுக்குக் கொண்டுவந்தவர்கள் அவர்கள்.

நம் நாட்டிலும் விதி இல்லாமல் இல்லை. இந்தியச் சாலைக் காங்கிரஸின் ஆறாம் எண் விதிநூலில் பாலத் தடுப்புகளை மூன்றாகப் பிரித்திருக்கிறார்கள். சாதாரணப் பாலத்துக்கு, ஒன்றரை டன் கார் 80 கிலோமீட்டர் வேகத்தில் மோதினால் தாங்க வேண்டும். விரைவுச்சாலைப் பாலத்துக்கு அதே கார் 110 கிலோமீட்டர் வேகத்தில். இரண்டுக்கும் உயரம் 900 மில்லிமீட்டர். மூன்றாவது வகைக்கு 30 டன் வண்டி 60 கிலோமீட்டர் வேகத்தில், உயரம் 1550 மில்லிமீட்டர். நெப்ராஸ்காவின் 62 அங்குலத்துக்குக் கிட்டத்தட்ட சமம். இந்த மூன்றாவது வகை எங்கே வேண்டும் என்றால், பரபரப்பான ரயில் பாதைக்கு மேலே, சிக்கலான சாலைச் சந்திப்புகளில், இவை போன்ற ஆபத்தான இடங்களில்.

வேலையில் இருந்த காலத்தில் இந்தப் பக்கத்தைத் திரும்பத் திரும்பப் படிப்பேன். எல்லாப் பாலத்தின் மேலும் அதே லாரிகள்தான் போகின்றன. அதே டேங்கர் ஓடைப் பாலத்தையும் கடக்கிறது, ரயில் பாலத்தையும் கடக்கிறது. ஓடைக்கு மேலே 900, ரயிலுக்கு மேலே 1550. வண்டி மாறவில்லை, கீழே இருப்பவர்கள் மாறுகிறார்கள். பாதுகாப்பின் உயரத்தை அந்தப் பக்கத்து உயிர்களை வைத்து முடிவு செய் என்று ஒரு பொறியியல் அட்டவணை சொல்கிறது. என் கணக்கில், நம் கண்மாய்க் கரைமேல் சாலை போகிற, அடியிலே குடியிருப்பு இருக்கிற இடங்களும் அந்த ஆபத்தான இடங்களின் வரிசையில்தான் வரும். சாலை ஓரங்களில் W வடிவ இரும்புத் தகட்டைப் பார்க்கிறோமே, அது பெரும்பாலும் கார் அளவு வண்டிகளுக்கானது. அதை டேங்கருக்கும் காவல் என்று நினைத்து யாரும் நிம்மதியாக இருக்க வேண்டாம்.

தப்பான தடுப்பு என்ன செய்யும் என்பதற்கு ரொம்பத் தூரம் போக வேண்டியதில்லை. 2012 ஆகஸ்ட் 27, ஓணத்துக்கு இரண்டு நாள் முன்பு, கேரளத்துக் கண்ணூர் அருகே சாலா என்ற இடத்தில் இரவு நேரத்தில் ஓர் எரிவாயு டேங்கர் சாலை நடுவே இருந்த டிவைடரில் மோதிக் கவிழ்ந்தது. வாயு அக்கம்பக்கத்து வீடுகளுக்குள் பரவித் தீப்பிடித்தது. 20 பேர் மாண்டார்கள். வீட்டுக்குள் இருந்தவர்கள், பண்டிகைக்குக் காத்திருந்தவர்கள். கார்களை இருபக்கமாகப் பிரிக்கக் கட்டிய குட்டைச் சுவர் டேங்கரின் காலைத் தட்டிவிட்டது. 2025 ஜனவரி 3 அதிகாலை கோவை அவினாசி சாலைப் பாலத்தில், 18 டன் எரிவாயுவோடு வந்த டேங்கர் இழுவை வண்டியிலிருந்து கழன்று கவிழ்ந்தது. தீயணைப்புத் துறையினர் மணிக்கணக்கில் தண்ணீரைப் பீய்ச்சிக்கொண்டே நின்றார்கள், சுற்றுப்புறப் பள்ளிகளுக்கு விடுமுறை விட்டார்கள், உயிர்ச்சேதம் இல்லாமல் முடிந்தது. அன்றைக்கு அங்கே நின்ற தீயணைப்பு வீரர்களை ஊர் மறக்கக்கூடாது.

தடுப்பைப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும், இது வீட்டுப் பெரியவர்களுக்கு. நல்ல தடுப்பின் வேலை வண்டியை அப்படியே நிறுத்துவது கிடையாது. நேருக்கு நேர் நிறுத்தினால் உள்ளே இருப்பவன் செத்துப்போவான். உரசவைத்து, வேகத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்று, மறுபடி சாலையின் திசைக்கே வண்டியைத் திருப்பிவிட வேண்டும். அதற்காகத்தான் இரும்புத் தகட்டுக்கும் தூணுக்கும் நடுவே ஒரு கட்டையை வைத்து இடைவெளி விடுகிறோம், சக்கரம் தூணில் சிக்கக்கூடாது. தகடுகள் ஒன்றின்மேல் ஒன்று ஏறும் இணைப்பிலும், வண்டி போகிற திசைக்கு எதிராக விளிம்பு நீட்டிக்கொண்டிருக்கக்கூடாது. தடுப்பின் முனையைத் துருத்தி நிற்கவிடாமல் வெளியே விலக்கி மண்ணுக்குள் இறக்க வேண்டும். திறந்த முனை காருக்குள் ஈட்டியாகப் பாயும், பாய்ந்திருக்கிறது. காப்பாற்ற வைத்ததே கொல்கிற இடம் அந்த முனைதான். எங்கே போனாலும் என் கண் முதலில் அங்கேதான் போகும்.

மகனையோ மகளையோ தடுத்து நிறுத்த வேண்டிய நேரம் எல்லாப் பெற்றோருக்கும் வரும். அப்போது முகத்துக்கு முன்னால் சுவர் எழுப்புகிறவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். பிள்ளை மோதி உடைவான், இல்லாவிட்டால் தாண்டிப் போவான். கூடவே நடந்து, தோளோடு தோள் உரசி, பேசிப் பேசி அவன் வேகத்தைக் குறைத்தவர்களின் வீடுகளில் பிள்ளைகள் திரும்பியிருக்கிறார்கள். அதற்கும் உயரம் வேண்டும்; பெற்றவர்கள் தங்கள் சொல்லில் நிமிர்ந்து நிற்க வேண்டும். குனிந்த சொல்லில் பிள்ளை தடுக்கி விழுவான்.

உயரம் எப்படிக் குறைகிறது என்பதைச் சாலையில் கண்ணால் பார்க்கலாம். புதுச்சாலை போடும்போது 900 மில்லிமீட்டரில் தடுப்புச் சுவர் கட்டுவார்கள். சில வருடத்தில் மேல்தளம் தேயும், அதன்மேலேயே ஒரு பூச்சுத் தார் ஏறும். அடுத்த முறை இன்னொன்று. பழைய தாரைச் சுரண்டி எடுத்துவிட்டுப் போட வேண்டும் என்பது தெரிந்த விஷயம்தான். சுரண்டாத இடங்களில் ஒவ்வொரு முறையும் சாலை இரண்டு விரல், மூன்று விரல் உயரும். சுவரில் யாரும் கை வைத்திருக்க மாட்டார்கள், ஒரு கல்லும் பெயர்ந்திருக்காது, கறுப்பு வெள்ளைப் பெயின்ட்கூடப் புதிதாக அடித்திருப்பார்கள். ஆனால் இடுப்பளவு இருந்தது தொடையளவுக்கு வந்திருக்கும். ஓடைப் பாலங்களின் கைப்பிடிச் சுவர்கள் முழங்கால் அளவுக்கு இறங்கிவிட்டதை நானே டேப் வைத்து அளந்திருக்கிறேன்.

மனிதர்களுக்கும் இதேபோல் நடக்கிறது. இருபத்தைந்து வயதில் கடன் வாங்கமாட்டேன், குடிக்கமாட்டேன், தூங்காமல் வண்டி ஓட்டமாட்டேன் என்று ஒருவன் வரம்பு வைத்திருப்பான். வரம்பை அவன் உடைக்கவே இல்லை. சம்பளம் கூடுகிறது, பழக்கம் கூடுகிறது, தைரியம் கூடுகிறது, தரை உயர்கிறது. நாற்பது வயதில் அதே வரம்பு அவன் முழங்காலுக்கு வந்துவிடுகிறது. இன்னும் இருக்கிறது என்றுதான் அவன் நம்புகிறான். ஆகவே வரம்பு இருக்கிறதா என்று கேட்டால் போதாது, வருடம் ஒரு முறை அளந்து பார்க்க வேண்டும்.

எங்கள் வட்டாரத்தில் தண்ணீர் லாரிகள் ஓட்டிய ஒருவரைச் சொல்கிறேன். இப்போது அவர் இல்லை. குடிநீர்த் தட்டுப்பாட்டுக்குப் பேர்போன ஊர்ப்பக்கம் இது, கோடையில் ஒரு நடைக்கு நாலு ஊர் காத்திருக்கும். அவர் தம் ஓட்டுநர்களுக்கு வைத்த சட்டங்கள் இரண்டு. பாதித் தண்ணீரோடு கண்மாய்க் கரை ஏறக்கூடாது, ஒரே ஊரில் முழுதும் இறக்கிவிட்டு வர வேண்டும். ராத்திரி முழிச்சு ஓட்டியவன் மறுநாள் சாவியைத் தொடக்கூடாது. இதனால் நடை குறையும், வருமானம் குறையும். "ஏன் அண்ணே, வெறும் தண்ணிதானே, கொட்டினா மண்ணு குடிச்சிட்டுப் போகுது" என்று கேட்டிருக்கிறேன். "தண்ணி கொட்டினா பரவாயில்லப்பா. கரைக்குக் கீழ குடிசை இருக்கே, வண்டியும்ல சேர்ந்து விழும்" என்றார். பொறியியல் அட்டவணை எதையும் அவர் படித்தவர் கிடையாது. அந்தப் பக்கம் யார் இருக்கிறார்கள் என்பதை வைத்தே தம் சட்டத்தின் உயரத்தை முடிவு செய்திருந்தார். அவர் மகன் இன்றைக்கும் அதே சட்டத்தோடுதான் லாரி ஓட்டுகிறார்.

எல்லா இடத்திலும் ஐந்தடிச் சுவர் கட்ட எந்த அரசாங்கத்தாலும் முடியாது, கட்டவும் வேண்டியதில்லை. திறந்த பொட்டலில் வண்டி இறங்கி நிற்க இடம் இருந்தால் அதுவே பெரிய பாதுகாப்பு. கரைக்கு அடியில் குடியிருப்பு, பள்ளிக்கூடத்தை ஒட்டிய வளைவு, ரயில் பாதை, குடிநீர்க் கண்மாய் என்று ஒரு வட்டாரத்தில் விரல்விட்டு எண்ணும்படியான இடங்களே இருக்கும். அவற்றை அங்கே வாழ்கிறவர்களைவிட நன்றாக அடையாளம் காட்டக்கூடியவர்கள் வேறு யாரும் இல்லை.

ஆகவே உங்களிடம் கேட்டுக்கொள்வது இது. ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 ஆகிய நாள்களில் கிராமசபை கூடுகிறது. உங்கள் ஊர்ச் சாலையில் அப்படிப்பட்ட இடம் இருந்தால் அந்த இடத்தின் பெயரைச் சொல்லித் தீர்மானம் எழுதச் சொல்லுங்கள். தார் போட ஆள் வருவதற்கு முன்னால் தடுப்பின் உயரத்தை டேப் பிடித்து அளந்து எழுதிவையுங்கள், போட்ட பிறகு மறுபடி அளந்து பாருங்கள், குறைந்திருந்தால் எழுதிக் கேளுங்கள். பின்பக்கம் 1075 என்ற எண் போட்ட வண்டி எரிவாயு டேங்கர் என்பதை வீட்டில் எல்லோருக்கும் சொல்லிக்கொடுங்கள். அது எங்காவது கவிழ்ந்து கிடந்தால் பார்க்க ஓடாதீர்கள், படம் எடுக்க நிற்காதீர்கள். அடுப்பை அணைத்து, காற்று வீசி வருகிற பக்கமாக, மேட்டைப் பார்த்து, குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு விலகிப் போங்கள். போன பிறகு 112-ஐ அழையுங்கள்.